அமுக்குவான் பேயும் மிதக்கும் உடலும்: உணர்ந்தது எது, நாம் சேர்த்தது எது?

பதிவு 1

தூக்கத்தில் ஏதோ அமுக்கியது, உடலை விட்டு மிதந்தது என்று இந்தத் திரியில் அனுபவம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "பேய் அமுக்கியது", "சூட்சும சரீரம் கிளம்பியது" என்று தொடங்காதீர்கள். முதல் பத்தியில் உடம்பு உணர்ந்ததை மட்டும் எழுதுங்கள்: மணி என்ன, மல்லாந்து படுத்திருந்தீர்களா, எது அசையவில்லை, பாரம் எங்கே, சத்தம் எந்தப் பக்கம். அது யார், என்ன என்று மனதில் பட்டதை இரண்டாம் பத்தியில் வையுங்கள்.

விழித்த ஐந்து நிமிடத்துக்குள், வீட்டில் யாரிடமும் சொல்வதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். வாய்விட்டுச் சொன்னால் எதிரில் இருப்பவர் "கருப்பா இருந்துச்சா? பொம்பளையா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியே நினைவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் கண்டதையும் கேட்டதையும் பிரிக்கவே முடியாது.

பதிவு 2

அமுக்குவான் விஷயத்தில் இந்தப் பிரிப்பு மிகவும் உதவும். ஏனென்றால் முதல் பத்தி உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். கண் திறந்திருக்கிறது, உடம்பு அசையவில்லை, நெஞ்சில் பாரம், அறையில் யாரோ இருக்கிறார்கள். இரண்டாம் பத்திதான் ஊருக்கு ஊர் மாறுகிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிழவி, எகிப்தில் ஜின், இத்தாலியின் அப்ரூட்சோ பகுதியில் பாண்டாஃபெக்கே என்ற சூனியக்காரி. ஜப்பானியர் கனாஷிபாரி, அதாவது உலோகத்தால் கட்டுண்ட நிலை என்பார்கள். கம்போடியர்கள் வைத்திருக்கும் பெயருக்கு அமுக்கும் பேய் என்றே பொருள். நம் சொல்லேதான்!

உடம்பில் நடப்பது இது. கனவு வரும் உறக்கத்தில், கனவில் ஓடும்போது நிஜக் கால் உதைத்துவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தப் பூட்டு திறப்பதற்குள் விழிப்பு வந்துவிட்டால் சில நொடி முதல் சில நிமிடம் வரை அசைய முடியாது. உதரவிதானம் வேலை செய்வதால் மூச்சு நிற்பதில்லை. ஆனால் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் தளர்ந்திருப்பதால், வேண்டுமென்று ஆழமாக இழுத்தால் வராது. அதுதான் நெஞ்சில் ஏறி உட்கார்ந்த பாரம்.

பெரும்பாலோர் செய்யும் தவறு போராடுவது. மூச்சை இழுக்கப் பார்ப்பார்கள், வராது, திணறலாகத் தோன்றும், பயம் ஏறும், பயம் ஏற ஏற நிழலுக்கு முகம் முளைக்கும். எகிப்தியரையும் டென்மார்க்கினரையும் ஒப்பிட்ட ஆய்வில், இது உயிரைக் குடித்துவிடும் என்ற பயம் எகிப்தியரிடம் மிகுதியாக இருந்தது. அசைய முடியாத நேரமும் அவர்களுக்கு நீண்டதாகத் தெரிந்தது.

வந்தால் செய்ய வேண்டியது: கண்ணை மூடுங்கள், கண் நம் சொல்படி கேட்கும். இது உறக்கத்தின் மிச்சம், தானாக விலகும் என்று மனதில் சொல்லுங்கள். அன்பானவர் முகத்தையோ, நம்பிக்கை உள்ளவர் இறைவன் பெயரையோ பிடித்துக்கொண்டு கவனம் முழுவதையும் அதில் வையுங்கள். கை கால்களை அசைக்கவோ மூச்சை மாற்றவோ முயலாதீர்கள். பலாந்த் ஜலால் என்ற ஆய்வாளர் வகுத்த முறை இது. 2020இல் வெளியான 10 பேர் கொண்ட சிறு சோதனையில், எட்டு வாரம் இதைப் பழகியவர்களுக்கு அமுக்கம் வந்த நாட்கள் பாதியாகக் குறைந்தன. இத்தனை சின்ன எண்ணிக்கையை வைத்து உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் பழகுவதில் நட்டமில்லை.

தலைமாட்டில் இரும்பு, கட்டிலடியில் துடைப்பம் வைப்பது பற்றிக் கேட்கிறார்கள். அப்ரூட்சோவிலும் துடைப்பம் வைப்பார்கள், மணல் குவித்தும் வைப்பார்கள். மனம் அமைதியாகும் என்றால் வையுங்கள். வைக்க மறந்த இரவில் பயம் இரட்டிப்பாகும், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருக்களித்துப் படுப்பதும், தினமும் ஒரே நேரத்தில் உறங்குவதும் அதைவிடப் பயன்படும். இரவுப் பணி மாறி மாறி வருகிறவர்களுக்குத்தான் இது கடினம். பகலிலும் அடக்க முடியாத தூக்கம், சிரித்தால் முழங்கால் துவளுதல் இரண்டும் சேர்ந்திருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

பதிவு 3

நண்பர் சொன்னதில் ஒன்றைக் கூட்டுகிறேன். நம்பிக்கையை மாற்றினால் உருவம் மாறும். ஆனால் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வு நாம் அறிந்ததை மதிப்பதே இல்லை. 1998இல் பாட்வினிக், கோஹன் என்ற ஆய்வாளர்கள் காட்டிய ரப்பர் கைச் சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

இடதுகை ரப்பர் கையுறையில் பஞ்சை நிரப்பி மேசையில் வையுங்கள். உங்கள் இடது கையை 15 முதல் 20 செ.மீ. தள்ளி, அட்டைத் தடுப்புக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளுங்கள். கையுறையின் மணிக்கட்டிலிருந்து உங்கள் தோள்வரை துண்டால் மூடுங்கள். இன்னொருவர் ஒரே அளவுள்ள இரண்டு தூரிகைகளால் இரண்டிலும் அதே விரலை, அதே திசையில், ஒரே நேரத்தில் வருட வேண்டும். கண் கையுறையை விட்டு நகரக் கூடாது. பலருக்கு இரண்டு மூன்று நிமிடத்தில் வருடல் கையுறையில் நடப்பதாகத் தோன்றும். ரப்பர் என்று நன்றாகத் தெரிந்தும் தோன்றும். பிறகு கண்ணை மூடி, வலது விரலை மேசைக்கு அடியில் நகர்த்தி இடது கை இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். விரல் கையுறைப் பக்கம் சாயும்.

வரவில்லையென்றால் தூரிகைகளைக் கவனியுங்கள். அரை நொடி முன்பின் ஆனாலே கலைந்துவிடும். கையுறையைத் திருப்பி, மனிதக் கை இருக்க முடியாத கோணத்தில் வைத்தாலும் வராது. 30 செ.மீ.க்கு மேல் தள்ளினாலும் பிடி தளரும். எல்லாம் சரியாக இருந்தும் சிலருக்கு வராது, அது குறையல்ல.

பதிவு 4

மிதந்து மேலிருந்து பார்த்தவர்கள் மேலே உள்ளதோடு சேர்த்து யோசிக்கலாம். 2002இல் ஜெனீவாவில் நரம்பியல் ஆய்வாளர் ஓலாஃப் பிளாங்கே குழுவினர், வலிப்பு நோய்க்கான ஆய்வின்போது ஒரு பெண்ணின் மூளையில் வலப்பக்கம், காதுக்கு மேல் சற்றுப் பின்னால் உள்ள பகுதியை மின்சாரத்தால் தூண்டினார்கள். குறைந்த மின்சாரத்தில் கட்டிலுக்குள் அமிழ்வதாகவும் உயரத்திலிருந்து விழுவதாகவும் சொன்னார். கூட்டியபோது மேலிருந்து தன்னையே பார்த்தார், ஆனால் கால்களும் இடுப்புப் பகுதியும் மட்டுமே தெரிந்தன. இதை வைத்துச் சூட்சும சரீரமே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். மிதந்த உணர்வு மட்டும் சான்றாகாது என்பதே என் கருத்து.

சான்று வேண்டுமென்றால் உங்களுக்குத் தெரியாத ஓர் எண்ணை உயரத்தில் வைக்கச் சொல்லி, மிதக்கும்போது அதைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். 1968இல் உளவியலாளர் சார்லஸ் டார்ட் வெளியிட்ட சோதனையில், மிதக்கும் அனுபவம் உள்ள ஒரு பெண் நான்காம் இரவு ஐந்திலக்க எண்ணைச் சரியாகச் சொன்னார். ஆனால் எண் வைத்த அலமாரி அவர் தலைக்கு மேலேயே இருந்தது. கடிகாரக் கண்ணாடியில் எண் பிரதிபலித்திருக்கக் கூடும் என்று டார்ட்டே எழுதினார். 2014இல் வெளியான சாம் பார்னியாவின் மருத்துவமனை ஆய்வில் 2060 இதயம் நின்ற நிகழ்வுகள் இருந்தும், கண்டதும் கேட்டதும் நினைவிருந்த இருவருக்கும் மேலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி படம் வைத்த பலகை இல்லாத இடத்தில்தான் இதயம் நின்றது.

ஆகவே எண்ணை வேறொருவர் தேர்ந்தெடுக்கட்டும். பத்துச் சீட்டில் 0 முதல் 9 வரை எழுதி, எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுக் கலக்கி, ஐந்து முறை எடுக்க வேண்டும். அடுத்த அறையில், கண்ணாடியோ பளபளப்பான பாத்திரமோ இல்லாத இடத்தில், பீரோ மேல் வைக்க வேண்டும். வைத்தவர் காலைவரை உங்களோடு பேசக் கூடாது, நாள்தோறும் எண்ணை மாற்ற வேண்டும். குருட்டாம்போக்கில் சரியாக வர 1,00,000இல் ஒரு வாய்ப்பு. தேதியிட்டு எழுதிய பிறகே அந்த அறைக்குப் போங்கள். தவறிய எண்களையும் விடாமல் இங்கே பதியுங்கள்.