வைரல் லோடு எண்ணைப் படிப்பது எப்படி: நீலகிரியிலிருந்து இரு அனுபவங்கள்

கோத்தகிரி உறுப்பினர்:

என் கணவருக்கு, ஈரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் பி நாள்பட்டதாக இருப்பது தெரிந்து, டெனோஃபோவிர் மாத்திரை தொடங்கிய பிறகு வந்த முதல் அறிக்கைதான் எங்கள் வீட்டில் பெரும் கலக்கத்தை உண்டாக்கியது. தொடக்கத்தில் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 3 கோடி ஐ.யூ. (வைரஸை அளக்கும் சர்வதேச அலகு) என்றிருந்த வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, 3 லட்சத்துக்கு இறங்கியிருந்தது. ஆனால் "இன்னும் மூணு லட்சம் கிருமி ஓடுதே" என்று என் மாமியார் கண்கலங்கினார். கோவையில் நாங்கள் பார்க்கும் ஈரல் மருத்துவர், இந்த எண்ணைக் கழித்துப் பார்க்கக் கூடாது, பத்துப் பத்தாக வகுத்துப் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். 3 கோடி என்பது 30 லட்சமாக இறங்குவது ஒரு படி, 30 லட்சம் என்பது 3 லட்சமாக இறங்குவது இன்னொரு படி. அறிக்கையில் 'லாக்' என்று அச்சிட்டிருப்பது இந்தப் படிகளைத்தான். இரண்டு படி இறங்கினால் நூறில் ஒரு பங்குதான் மிச்சம். அதே கணக்கில், 400 என்றிருந்தது அடுத்த முறை 900 ஆனால் இரு மடங்குக்கு மேல் கூடிவிட்டதாகத் தோன்றினாலும், அது அரைப் படிக்கும் குறைவு. பரிசோதனையின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

இந்த எண் வைரஸ் எவ்வளவு பெருகுகிறது என்பதைச் சொல்லுமே தவிர, ஈரல் எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்பதைச் சொல்லாது. அதற்கு எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதியின் அளவும், ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் வேண்டும். வீட்டில் மற்ற அனைவரும் பரிசோதித்துக்கொண்டு தடுப்பூசி போட்டுக்கொண்டோம்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது எங்கள் பக்கத்து எஸ்டேட்டில் இருக்கும் பெரியவர் ஒருவருக்கு நடந்ததை. அவருக்கும் பி வைரஸ்தான். 'கண்டறியப்படவில்லை' என்று அறிக்கை வந்ததும், நோய் தீர்ந்துவிட்டதென்று நம்பி, யாரிடமும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, கீழாநெல்லி அரைத்துக் குடித்துவந்தார். சில மாதங்களில் கண் மஞ்சளாகிக் கோவையில் சேர்க்க வேண்டியதாயிற்று. பி வைரஸ் தன் மூலப் பிரதியை ஈரல் உயிரணுவின் கருவுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறது. மாத்திரை புதிய பிரதிகள் உருவாவதைத் தடுக்கிறதே ஒழிய, அந்த மூலத்தை அழிப்பதில்லை. ரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் போவது மருந்து வேலை செய்கிறது என்பதற்கான சான்று, நிறுத்தலாம் என்பதற்கான அனுமதி அன்று. கீழாநெல்லியை நான் இகழவில்லை: சென்னையில் நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜனும், இந்த வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் சேர்ந்து செய்து, 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான கீழாநெல்லி ஆய்வு பெரிய நம்பிக்கையைத் தந்தது. பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபடும் நாட்களில் மாத்திரை தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, ஐப்பசிக்கு முன்பே கூடுதலாக வாங்கி வைத்துவிடுகிறோம்.

கூடலூர் உறுப்பினர்:

அக்கா சொன்னது பி வைரஸுக்கு முற்றிலும் பொருந்தும். எனக்கு இருந்தது ஹெபடைடிஸ் சி வைரஸ். அதில் கணக்கு வேறு. அது உயிரணுவின் கருவுக்குள் ஒளிந்துகொள்வதில்லை என்பதால், உடலைவிட்டு அடியோடு நீக்க முடியும். 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோஃபோஸ்புவிர், டாக்ளாடாஸ்விர் என்ற மாத்திரைகள் இலவசமாகக் கிடைத்தன. 12 வாரம் உட்கொண்டேன். சிகிச்சை முடியும் நாளில் வைரஸ் இல்லை என்று வந்தால் மட்டும் போதாது. மருந்தை நிறுத்தி 12 வாரம் கழித்து எடுக்கும் பரிசோதனையிலும் இல்லையென்றால்தான் குணமானதாகக் கொள்கிறார்கள். அந்த இடைவெளி எனக்குச் சிகிச்சைக் காலத்தைவிடக் கடினமாக இருந்தது.

குணமான பின்பும், சி வைரஸ் எதிர்ப்புப் பொருள் பரிசோதனை பெரும்பாலும் 'பாசிடிவ்' என்றே காட்டிக்கொண்டிருக்கும். அது பழைய தொற்றின் தடயம் மட்டுமே. பிறகு எனக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை செய்யவிருந்தபோது, அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டுத் தேதியைத் தள்ளிவைக்கப் பார்த்தார்கள். வைரல் லோடு அறிக்கையைக் காட்டியதும் மருத்துவர் படித்துப் பார்த்து, குறித்த நாளிலேயே செய்தார். ஆகவே சி வைரஸிலிருந்து மீண்டவர்கள், 12 வாரம் கழித்து எடுத்த அந்த அறிக்கையின் நகலை எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் கையில் கொண்டுசெல்லுங்கள்.