பெரிய திரை இருந்தால் போதுமா? சென்னைத் தனித் தியேட்டர்கள் பற்றி

பால்கனி ரசிகன்:
புதுப் படம்னா எல்லாரும் மால் மல்டிபிளெக்ஸுக்கே டிக்கெட் போடுறாங்க. உதயம் தியேட்டர் மூடியாச்சு. காசினோ, தேவி, கமலா மாதிரி மிச்சம் இருக்கிற இடங்களுக்கும் கூட்டம் போகணும். பரிதாபப்பட்டுச் சொல்லலை, படமே அங்கேதான் நல்லா இருக்கும். நம்ம பெரிய படங்கள் பெரும்பாலும் ஸ்கோப், அதாவது உயரம் 1-ன்னா அகலம் 2.39. மால்ல பல திரைகள் 1.85-க்குக் கட்டினது. அதுல ஸ்கோப் படம் போட்டா மேலேயும் கீழேயும் சாம்பல் பட்டை விழும். மாஸ்கிங்னு சொல்ற கறுப்புத் துணியால அதை மறைக்கவும் மாட்டாங்க. பழைய தியேட்டர்ல ஸ்கோப்புன்னா பக்கத் துணி விலகி 50 அடி அகலம் முழுசாத் திறக்கும். அந்த அகலம் 30 அடித் திரையில எப்படி வரும்?

செனான் விளக்கு:
அகலத்தைச் சொன்னீர்கள், வெளிச்சத்தை விட்டுவிட்டீர்கள். திரையின் நடுவில் 14 ஃபுட்லாம்பர்ட் (திரை வெளிச்சத்தின் அலகு) இருக்க வேண்டும் என்பது டிஜிட்டல் சினிமாவின் அளவுகோல். 50 அடி ஸ்கோப் திரை என்றால் உயரம் 21 அடி, பரப்பு 1,050 சதுர அடி. சாதாரண வெள்ளைத் திரைக்கு 1,050 × 14 = 14,700 லூமன் ஒளி திரையைத் தொட வேண்டும். 30 அடித் திரைக்கு 5,250 போதும். ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம். பெரிய திரைக்குப் புரொஜெக்டரில் 6 கிலோவாட் செனான் வாயு பல்பு போட்டால் அதன் உத்தரவாதமே சில நூறு மணி நேரம்தான். நான்கு காட்சி, நாளுக்கு 12 மணி நேரம் என்றால் 600 மணி நேரம் ஐம்பதே நாளில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் மாற்றாமல் ஓட்டினால் படத்தில் இரவில் நடக்கும் காட்சிகளில் முகமே தெரியாது. மாலில் இருக்கும் 2 கிலோவாட் பல்பு 2,000 மணி நேரத்தைத் தாண்டியும் ஓடும். தனித் தியேட்டர் முதலாளிக்கு மனசு இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தக் கணக்கு அவருக்குக் கட்டுப்படியாவதில்லை.

பால்கனி ரசிகன்:
அது பழைய கதை சார். இப்போ நிறைய இடத்துல பல்புக்குப் பதிலா லேசர் புரொஜெக்டர் வந்தாச்சு. 20,000 மணி நேரம், நாலரை வருஷம் கவலையே இல்லை.

செனான் விளக்கு:
20,000 மணி நேரம் என்பது பெரும்பாலும் பாதி வெளிச்சமாகக் குறையும்வரை உள்ள கணக்கு. செனான் பல்பு அணைந்தால் ஆபரேட்டருக்கு உடனே தெரியும். லேசர் மெதுவாக மங்குவதால் மீட்டர் வைத்து அளக்காத தியேட்டரில் யாருக்குமே தெரியாது. இன்னொன்று, 3டி காலத்தில் போட்ட, உலோகப் பூச்சுள்ள சில்வர் திரை. நடுவில் பளிச்சென்று இருக்கும், ஓர நாற்காலியிலிருந்து பார்த்தால் எதிர்ப்பக்கம் இருட்டடிக்கும். 3டி படம் போய்ப் பல வருஷம் ஆன பிறகும் அதே திரை தொங்குகிறது. அதைத் துடைத்துச் சுத்தம் செய்யவும் முடியாது, பூச்சு போய்விடும். முதல் நாள் முதல் காட்சிக்கு மேடையேறி ஆடும்போது படும் ஒவ்வொரு கைத்தடமும் அடுத்த வருஷப் படத்திலும் தெரியும்.

சரவுண்டு:
ரெண்டு பேருமே கண்ணைப் பத்திதான் பேசுறீங்க. தனித் தியேட்டர்ல முதல்ல சறுக்குறது காதுதான். ஆயிரம் பேர் உட்கார்ற கூடம், வெறும் சுவர், ரெக்ஸின் சீட். கூட்டம் நிறைஞ்சா ஆட்களே சத்தத்தை உறிஞ்சிடுவாங்க. செவ்வாய்க்கிழமை மேட்னிக்கு நாற்பது பேர் இருந்தா வசனம் பின்சுவர்ல பட்டுத் திரும்பி வரும். துணி சீட் மாத்தினாலே பாதி சரியாகும். அடுத்தது ஃபேடர், அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ். 7-ல வைக்கணும்னுதான் மிக்ஸ் பண்றவங்க கணக்கு. சத்தம் ஜாஸ்தின்னு யாராவது சொன்னா 5-க்கு இறக்கிடுவாங்க. அது 6, 7 டெசிபல் குறைவு. சண்டை அப்பவும் கேட்கும், ரகசியமாப் பேசுற வசனம் போயிடும். பெரிய ஹீரோ படம்னா எதிர்ப்பக்கம் போய் 7-க்கு மேல ஏத்துவாங்க. வசனம் வர்ற நடு ஸ்பீக்கர்ல கீச்சு ஒலி தர்ற ஹை டிரைவர் அதுல போயிடும். அதுக்கப்புறம் எல்லா வசனமும் போர்வைக்குள்ளேருந்து பேசுற மாதிரி இருக்கும். பாட்டு மட்டும் நல்லா இருக்கு, பேச்சு மந்தமா இருக்குன்னா பெரும்பாலும் இதுதான் காரணம்.

பால்கனி ரசிகன்:
சரி, இது மால்ல நடக்காதா? அங்கேயும் 5-தான். பக்கத்து ஸ்கிரீன் பேஸ் சுவர் வழியா வரும். அந்தத் தொல்லையாவது தனித் தியேட்டர்ல கிடையாது.

சரவுண்டு:
அதை ஒத்துக்கறேன். ஆனா சீட் எங்கே போடுறதுன்னு தெரியாமப் போனா தனித் தியேட்டர் கைவிட்டுடும். ஆப்ல வர்ற வரைபடத்துல பால்கனி எந்த வரிசைக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்குன்னு காட்ட மாட்டாங்க. கீழே கடைசி ஆறேழு வரிசை அந்த நீட்டலுக்கு அடியில மாட்டும். மேல் ஸ்பீக்கர் சத்தம் அங்கே வரவே வராது. அட்மாஸ்னு (மேலேருந்தும் சத்தம் வர்ற முறை) போர்டு இருந்தாலும் அந்த சீட்டுக்கு அட்மாஸ் கிடையாது. 50 அடித் திரைன்னா 60-லருந்து 75 அடி தூரம் சரி. அது பெரும்பாலும் பால்கனி முதல் ரெண்டு வரிசையிலயோ, கீழே நீட்டலுக்கு முன்னாடி வரிசையிலயோ கிடைக்கும். நடுவுல போடுங்க. சில்வர் திரையா இருந்தா ஓரமே வேண்டாம்.

செனான் விளக்கு:
சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். படம் தொடங்கும் முன் தணிக்கைச் சான்றிதழ் வரும். அதில் இருக்கும் சின்ன எழுத்துகளை நடுவிலும் நான்கு மூலைகளிலும் பாருங்கள். நடு எழுத்து கூர்மையாக, ஓர எழுத்து கசங்கலாக இருந்தால் லென்ஸ் சரியாகப் பொருத்தப்படவில்லை. எல்லாமே கசங்கலாக இருந்தால் ஃபோகஸ், அதை ஆபரேட்டர் அரை நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். வெள்ளைப் பின்னணி பழுப்படித்தால் பல்போ, புரொஜெக்டர் இருக்கும் கேபினின் கண்ணாடியோ காரணம். பூச்சில்லாத கண்ணாடி சுத்தமாக இருந்தாலே 8 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். தூசியும் சேர்ந்தால் கேட்க வேண்டாம்.

பால்கனி ரசிகன்:
அப்போ இடைவேளையில மேனேஜரைப் பார்த்துச் சொல்லலாமே. தனித் தியேட்டர்ல மேனேஜர் வாசல்லயே நிற்பார், கேபின் படிக்கட்டு பத்தடியில இருக்கும். மால்ல யார்கிட்ட சொல்றது?

செனான் விளக்கு:
ஃபோகஸ், ஃபேடர், மாஸ்கிங் துணி, ஏசி ஆகியவற்றை இடைவேளையில் சொல்லுங்கள், நடக்கும். பல்பை மாற்றச் சொல்லாதீர்கள். செனான் பல்புக்குள் அழுத்தம் அதிகம். சூடாக இருக்கும்போது கழற்றினால் வெடிக்கக்கூடும். ஆறவிட்டு, முகக்கவசமும் கையுறையும் போட்டுத்தான் தொட வேண்டும். பதினைந்து நிமிட இடைவேளையில் அது நடக்காது.

பால்கனி ரசிகன்:
அப்போ டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே போன் பண்ணிக் கேட்கலாம்: பல்பா லேசரா, பல்புன்னா எப்போ மாத்தினீங்க? பதில் சொல்ற தியேட்டருக்கு நான் போவேன்.

செனான் விளக்கு:
அந்தத் தியேட்டருக்கு நானும் வருவேன்.