தொடக்கப்பள்ளியின் உள்வாசலைப் பெற்றோருக்கு மூடலாமா?

தளிர்:
என் மகள் படிக்கும் தொடக்கப்பள்ளியில் இந்தக் கல்வியாண்டு முதல் புதிய விதி ஒன்று நடைமுறைக்கு வந்துள்ளது. பெற்றோர் எவரும் வெளிவாயிலைத் தாண்டக் கூடாது. உள்ளே செல்ல வேண்டுமானால் முன்கூட்டியே நேரம் கேட்டுப் பெற்று, ஒளிப்படத்துடன் கூடிய அடையாள அட்டையைக் காட்டி, பதிவேட்டில் கையெழுத்திட்டு, வருகையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பள்ளி ஊழியர் ஒருவரின் துணையோடுதான் செல்ல வேண்டும். இதுவரை காலையில் வகுப்பறை வாசல் வரை சென்று, இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்தது, சற்றுக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வர முடிந்தது. அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது.

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைகளில் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் அந்தக் குழந்தை முன்பே அறிந்தவர்கள்தாம் என்பதை இத்துறையில் உழைக்கும் அனைவரும் ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியிருக்க, அந்நியரைத் தடுக்கிறோம் என்று சொல்லிப் பெற்றோரின் கண்களையும் சேர்த்து வெளியே நிறுத்தினால், உள்ளே ஏற்கெனவே அனுமதி பெற்றிருப்பவர்களை யார் கவனிப்பது? பள்ளிக்குள் தினமும் நடமாடும் தாய் தந்தையரே ஒரு காவல் என்பது என் உறுதியான கருத்து.

கரும்பலகை:
அம்மா, நான் தொடக்கப்பள்ளி ஆசிரியர். உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த விதியை நான் ஆதரிக்கிறேன். காரணத்தைச் சொல்ல 2001ஆம் ஆண்டு ஜூன் 8 அன்று ஜப்பானின் ஒசாகா மாகாணத்தில், இக்கேடா தொடக்கப்பள்ளியில் நடந்ததை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. திறந்திருந்த வாயில் வழியாகக் கத்தியுடன் நுழைந்த ஒருவன் எட்டுக் குழந்தைகளைக் கொன்றான். உள்ளே அவன் நடந்து சென்றபோது ஆசிரியர் ஒருவர் எதிர்ப்பட்டார். மாணவரின் பெற்றோராக இருக்கும் என்று எண்ணி, தலைதாழ்த்தி வணங்கிவிட்டு, எதுவும் கேட்காமல் கடந்து போனார்.

அந்த ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரியவர்கள் எந்நேரமும் வந்து போகும் வளாகத்தில், எதிரே வருபவரை நிறுத்தி நீங்கள் யார் என்று கேட்பது மரியாதைக் குறைவாகவே தோன்றும். அந்தத் தயக்கத்தை நீக்குவதுதான் வருகையாளர் அட்டையின் வேலை. கழுத்தில் அட்டை இல்லாத பெரியவர் எவராக இருந்தாலும் நிறுத்திக் கேட்க வேண்டும் என்பது பள்ளியின் வழக்கமாகிவிட்டால், கேட்பவருக்கும் கூச்சம் இராது, கேட்கப்படுபவருக்கும் அவமானம் இராது. நாள்தோறும் காலையில் நூற்றுக்கணக்கான பெற்றோர் அட்டையின்றி உள்ளே உலவினால் அந்த வழக்கம் ஒருபோதும் வேரூன்றாது.

தளிர்:
ஐயா, நீங்கள் சொன்ன நிகழ்வே என் பக்கத்துக்கும் சான்றாகிறது. 1999 டிசம்பரில் கியோட்டோவின் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஒரு மாணவன் கொல்லப்பட்ட பின், பள்ளிகள் தம் பாதுகாப்பைச் சரிபார்க்க வேண்டும் என்று ஜப்பானிய அரசு 2000ஆம் ஆண்டு ஜனவரியிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. இக்கேடாவில் அது உரியபடி செயலுக்கு வரவில்லை. 2003இல் அரசும் பள்ளியும் தம் பொறுப்பை ஏற்று, குழந்தைகளை இழந்த குடும்பங்களிடம் எழுத்து வடிவில் மன்னிப்புக் கோரின. ஆக, அங்கே விதி இருந்தது. அதைச் செயல்படுத்தும் மனிதர்கள்தாம் ஆயத்தமாக இல்லை. எங்கள் பள்ளியிலும் பெற்றோரைத் தடுக்கும் அறிவிப்புப் பலகை வந்துவிட்டதே தவிர, எவரை எப்படி நிறுத்திக் கேட்பது என்ற பயிற்சி ஊழியர்களுக்குத் தரப்பட்டதா என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

காவற்கோபுரம்:
நீங்கள் இருவரும் மென்மையாகப் பேசுகிறீர்கள். என் மகன் மூன்றாம் வகுப்பில் படிக்கிறான். அவன் பள்ளிக்கு உயரமான மதில், ஆயுதம் தாங்கிய காவலர், குண்டு துளைக்காத கண்ணாடி, முகத்தை அடையாளம் காணும் கேமரா ஆகியவை வேண்டும் என்று தயக்கமின்றிக் கேட்பேன். 2012 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அழைப்பு மணியை அழுத்தி, கேமராவில் முகம் காட்டிய பிறகே கதவு திறக்கும் ஏற்பாடு அங்கே இருந்தது. கொலையாளி பூட்டிய கதவுக்கு அருகிலிருந்த கண்ணாடியைச் சுட்டு உடைத்து உள்ளே புகுந்தான். பதிவேடும் கழுத்து அட்டையும் அவனை என்ன செய்திருக்கும்?

தாழ்ப்பாள்:
நான் கட்டடப் பாதுகாப்புத் துறையில் பணியாற்றுபவன். சாண்டி ஹூக் பற்றி நண்பர் சொன்னது சரி. ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவை ஏற்க முடியவில்லை. அந்தப் பள்ளியின் வகுப்பறைக் கதவுகளைச் சாவி கொண்டு நடைக்கூடத்துப் பக்கமிருந்துதான் பூட்ட முடிந்தது. ஆபத்து நேரத்தில் ஆசிரியர் வெளியே வந்தாக வேண்டும். பின்னர் அமைந்த ஆய்வுக் குழு, வகுப்பறைக் கதவுகள் உள்ளிருந்தே பூட்டக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. மதிலையும் துப்பாக்கியையும் விட மிகக் குறைந்த செலவில் முடியும் வேலை அது.

டெக்சாஸின் யுவால்டி நகரத் தொடக்கப்பள்ளி ஒன்றில் 2022 மே 24 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் உயிரிழந்தனர். அந்தப் பள்ளியைச் சுற்றி வேலி இருந்தது. கொலையாளி ஏறிக் குதித்தான். ஆசிரியர் ஒருவர் இழுத்துச் சாத்திய வெளிக்கதவு பூட்டிக்கொள்ளவில்லை. கதவுகளுக்குக் கல்லை முட்டுக் கொடுத்துத் திறந்து வைப்பது அங்கே பழக்கமாகியிருந்தது என்றும், அவன் புகுந்த வகுப்பறைகளில் ஒன்றின் பூட்டு சரியாக விழாது என்பது பலருக்கும் முன்பே தெரிந்திருந்தது என்றும் மாநிலச் சட்டமன்றக் குழுவின் அறிக்கை கூறியது. பழுதான ஒரு பூட்டைப் பற்றி யாரிடம் புகார் செய்வது, எத்தனை நாளில் சரிசெய்யப்படும் என்பதற்கு விடையில்லாத பள்ளியில் முகம் காணும் கேமராவை வைத்து என்ன பயன்?

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வெளியார் நுழைவதைத் தடுக்கும் எந்த ஏற்பாடும் உள்ளிருப்போர் வெளியேறுவதைத் தடுக்கக் கூடாது. 1908இல் ஒகையோ மாநிலத்தின் காலின்வுட் பள்ளித் தீயில் 172 குழந்தைகள் மடிந்தனர். பலர் பின்வாசல் படிக்கட்டின் அடியில் நெரிசலில் சிக்கினர். 2004இல் கும்பகோணத்தில் 94 பிஞ்சுகள் கருகியதை நம்மில் யாரும் மறக்கவில்லை. வெளியிலிருந்து திறக்க முடியாததும், உள்ளிருந்து ஒரு குழந்தையின் கை தள்ளினாலே திறப்பதுமான கதவுகள் கிடைக்கின்றன. அவற்றை விடுத்து, பாதுகாப்பின் பெயரால் பின்வாசலுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டும் பள்ளிகளைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

காவற்கோபுரம்:
கதவுகளைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆயுதக் காவலர் வேண்டும் என்பதில் மாறவில்லை. பூட்டு உடைந்தால் அடுத்து நிற்பது யார் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

கரும்பலகை:
துப்பாக்கி பற்றிய பேச்சு, நாள்தோறும் நிகழும் ஒன்றை மறைத்துவிடுகிறது. எங்களைப் போன்ற ஆசிரியர்கள் அதிகம் அஞ்சுவது, பிள்ளையை அழைத்துச் செல்ல வருபவர் உரியவர்தானா என்பதைப் பற்றித்தான். மணமுறிவு வழக்கு நடக்கும்போது, நீதிமன்றம் தாயிடம் ஒப்படைத்த குழந்தையை அழைத்துப் போகத் தந்தை வந்து நிற்பார். குழந்தையும் ‘அப்பா’ என்று ஓடும். அவர் அந்நியர் அல்லர், அடையாள அட்டையும் உண்மையானதே. அழைத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டோர் பட்டியலும், நீதிமன்ற ஆணையின் நகலும் அலுவலகத்தில் இருந்து, எல்லோரும் ஒரே வாசல் வழியாக வந்தால் மட்டுமே அந்த நொடியில் ஆசிரியரால் சரியாக முடிவெடுக்க முடியும். வகுப்பறை வாசலில் முப்பது பெற்றோர் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது அது நடவாது.

தளிர்:
இதை மறுக்க மாட்டேன். பிள்ளையை ஒப்படைக்கும் மாலை வேளையில் ஒரே வாசல் இருக்கட்டும். ஆனால் அடையாள அட்டை இல்லாத பெற்றோரும் உலகில் உண்டு. ஊர் விட்டு ஊர் பிழைக்க வந்தவர்கள், ஆவணங்களைக் காட்ட அஞ்சுபவர்கள் ஆகியோர் வாயிலில் ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டால் மறுமுறை பள்ளிப் பக்கமே வர மாட்டார்கள். அவர்களை வகுப்பாசிரியர் நேரில் வந்து அடையாளம் காட்டி அழைத்துச் செல்ல விதியில் இடம் வேண்டும். மேசை மேல் விரித்து வைத்திருக்கும் பதிவேட்டில் முன்னே வந்தவர்களின் தொலைபேசி எண்களை எவரும் படித்துக்கொள்ளலாம் என்ற நிலையும் மாற வேண்டும்.

காலை நேரத்தைப் பற்றி என் கோரிக்கை இதுதான்: முதல் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு முதல் மாதம் முழுவதும், மற்றவர்களுக்கு வாரத்தில் ஒரு நாளும், வகுப்பறை வரை செல்ல அனுமதி வேண்டும்.

கரும்பலகை:
முதல் மாதம் பற்றி எனக்கு மறுப்பில்லை. அழும் குழந்தையை வாயிலில் பிரித்து வாங்குவது எங்களுக்கும் வேதனைதான். ஆனால் வாரத்தில் ஒரு நாள் எல்லோருக்கும் திறந்துவிட்டால், அந்த நாளில் யாரையும் நிறுத்திக் கேட்க முடியாது. அதற்குப் பதிலாக ஆசிரியர்களே முறைவைத்து வாயிலில் நிற்கலாம். காய்ச்சல் பற்றி நீங்கள் அங்கேயே சொல்லலாம்.

தளிர்:
வாயிலில் நிற்கும் ஆசிரியர் என் மகளின் வகுப்பாசிரியராக இருக்க மாட்டார். அவள் அமரும் அறையை நான் பார்க்கவும் முடியாது. இதில் நாம் உடன்படவில்லை. முதல் மாதச் சலுகையையும் ஊழியர் பயிற்சியையும் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் எழுத்து வடிவில் வைக்கிறேன். வகுப்பறைப் பூட்டுகள் உள்ளிருந்து விழுகின்றனவா, பின்வாசலில் சங்கிலி இருக்கிறதா என்ற கேள்விகளையும் சேர்க்கிறேன். வாரம் ஒரு நாள் கோரிக்கையை நான் கைவிடப் போவதில்லை.