மறு: ‘ட்ரூ டு டைப்’ விதைக்குத் தமிழ்ச்சொல் – பட்டர்நட் பூசணியை முன்வைத்து

குழுவினருக்கு வணக்கம். விதையை ஊன்றினால் அதே ரகத்தின் குணத்தோடு செடி வரும் என்றால், அந்த விதையை ஆங்கிலத்தில் ‘ட்ரூ டு டைப்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘தாயொத்த விதை’ என்று வைத்துவிடலாமே. தாயைப் போல பிள்ளை என்ற வழக்கும் இருக்கிறது.

ஐயா, கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுத் தோட்டத்தில் பூசணி விதை எடுப்பவரை இது ஏமாற்றிவிடும். பட்டர்நட்டும் நம் பரங்கியும் ஒரே சிற்றினம், குக்கர்பிட்டா மாஸ்கேட்டா. எங்கள் கோவைப் பக்கம் அரசாணிக்காய் என்போமே, அதே பரங்கிதான். வேலியில் அரசாணி படர்ந்து, உள்ளே பட்டர்நட் நின்றால் தேனீ இரண்டுக்கும் போய்வரும். மகரந்தம் கலந்தாலும் அந்த முறை காய்க்கும் காயில் ஒன்றும் தெரியாது. தோலும் சதையும் தாய்ச்செடியின் திசு என்பதால் கழுத்து நீண்டு, அடி பருத்து, சந்தன நிறத்தில் அசல் பட்டர்நட்டாகவே இருக்கும். கலப்பு உட்கார்ந்திருப்பது விதைக்குள். அடுத்த பட்டத்தில் அதை ஊன்றினால்தான் கழுத்தில்லாத உருண்டைக் காயெல்லாம் தலைகாட்டும். ‘தாயைப் போலத்தானே இருக்கிறது’ என்று காயைப் பார்த்து விதை எடுத்துவைப்பவரை எச்சரிக்க வேண்டிய இடத்தில், இந்தச் சொல் அவரைத் தட்டிக்கொடுக்கிறது.

> அப்படியானால் ‘கலப்பற்ற விதை’?

இது பாதி தூரம்தான் வரும். வேறு மகரந்தம் ஒட்டாமல் காத்தாலும், தாய்ச்செடியே எஃப்1 வீரிய ஒட்டு ரகமாக (இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த முதல் தலைமுறையாக) இருந்தால் அதன் விதையில் குணங்கள் பிரிந்து ஆளுக்கொரு மாதிரி காய்க்கும். கடையில் வாங்கிய காயிலிருந்து விதை எடுப்பவர்கள் பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். வால்தம் பட்டர்நட் போன்ற ரகத்துக்கு இந்தப் பயம் இல்லை. 1970இல், புது ரகங்களைச் சோதித்துத் தரும் அமெரிக்க விருதான ஆல்-அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது பெற்ற அது ஒட்டு ரகம் அல்ல.

‘மரபு விதை’யை நாட்டு ரகங்களுக்குக் கொடுத்துவிட்டோம். ‘இனத்தூய்மை’ விதைச் சான்றளிப்புத் துறையின் சொல். ஒரு குவியல் விதையைச் சதவீதத்தில் அளக்க அது சரி. கையிலிருக்கும் ஒரு காயின் விதையைப் பற்றிப் பேச அது உதவாது.

என் பரிந்துரை ‘குணம் மாறா விதை’. ‘விதை குணம் மாறிப்போச்சு’ என்று தோட்டக்காரர்கள் ஏற்கெனவே சொல்வதுதான். மகரந்தக் கலப்பு, ஒட்டு ரகம் என்ற இரண்டு காரணங்களுக்கும் பொருந்துகிறது. ‘குணம் மாறாமல் வரும்’ என்று வினையாகவும் புழங்கும். ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க, அதை வைத்து ஒரு செய்முறை எழுதிப் பார்ப்பேன்:

“பட்டர்நட்டில் குணம் மாறா விதை எடுக்க, மறுநாள் விரியப்போகும் மொட்டுகளைச் சாயங்காலமே கண்டுபிடியுங்கள். நுனி மஞ்சள் கட்டி, இதழ் இறுக மூடியிருக்கும். பெண் மொட்டின் அடியில் குட்டிப் பட்டர்நட் அப்போதே முழு உருவத்தோடு இருக்கும். ஆண் மொட்டு, பெண் மொட்டு இரண்டின் நுனியையும் நூலால் கட்டிவிடுங்கள். விடிந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்து, மகரந்தத் தண்டைப் பெண் பூவின் சூலகமுடி முழுக்கத் தடவி, பெண் பூவை மறுபடி கட்டுங்கள். காம்பில் அடையாளத்துக்கு ஒரு துணி. தோலில் நகம் இறங்காத அளவு காய் முற்றி, காம்பும் காய்ந்த பிறகு பறித்து, சில வாரம் வைத்திருந்து விதை எடுங்கள்.”

எனக்கு எங்கும் இடறவில்லை. உங்களுக்கு இடறினால் சொல்லுங்கள்.

அன்புடன்.

---

> அக்கா, சொல் நன்றாக இருக்கிறது. ரகத்தின் குணத்தோடு சேராத ‘ஆஃப் டைப்’ செடியை அப்போது ‘குணம் மாறிய செடி’ என்போமா? அப்புறம், பக்கத்து வீட்டில் சாம்பல் பூசணி இருக்கிறது. நானும் கட்ட வேண்டுமா?

தம்பி, அதற்குக் ‘கலவன்’ இருக்கிறதே. விதை உற்பத்தி வயலில் ‘கலவன் நீக்குதல்’ என்று அன்றாடம் புழங்குகிறது, அப்படியே வைத்துக்கொள்வோம்.

சாம்பல் பூசணிக்குப் பெயரில் மட்டும்தான் உறவு. அது வேறு பேரினம், கலக்காது. சுரை, பீர்க்கு, வெள்ளரியும் அப்படியே. ஆனால் அந்தத் தெருவில் யாராவது பரங்கி வைத்திருக்கிறார்களா என்று விசாரித்துக்கொள். பூசணிச் சான்று விதைக்கே மற்ற ரகங்களிலிருந்து 500 மீட்டர் விலகு தூரம் கேட்கிறார்கள், தெருவுக்குள் அது நடக்காது. பரங்கி இருந்தால் பூவைக் கட்டிவிடு.