கடற்காத்து, மணல், சீனித் தேத்தண்ணி: லெப்டொப் கீபோர்டை வீட்டில துப்பரவாக்குறது எப்படி?

வாவிக்கரை:
கல்லடியில கடலுக்குக் கிட்ட வீடு, மேசை ஜன்னலோரம். 15.6 அங்குல லெப்டொப், பட்டரி உள்ளுக்குப் பூட்டினது. ஸ்பேஸ் பார் அமத்தினா மெதுவாத்தான் மேல வருது. 'ஈ' கீ ஒருக்கா அமத்த ரெண்டு எழுத்து விழுது. கீழ் வரிசையில மணல் கரகரக்குது. ஸ்பேஸ் பார் பக்கம் சீனி போட்ட தேத்தண்ணி கொஞ்சம் தெறிச்சது. சேர்ஜிகல் ஸ்பிரிட்டும் பழைய பல் பிரஷும் கைவசம் இருக்கு. அது போதுமா, இல்ல சந்தியில டயர் கடையில காத்து அடிச்சு எடுக்கலாமா? கீகளில தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, அதுவும் கழரக்கூடாது.

திருப்புளி:
டயர் கடைக் காத்து வேண்டவே வேண்டாம். கொம்பிரசர் தாங்கிக்குள்ள தண்ணியும் எண்ணெய்ப் பசையும் தேங்கும், ரெண்டும் காத்தோட சேர்ந்து வரும். அழுத்தமும் 100 பிஎஸ்ஐ அளவில இருக்கும். கீ மூடி தெறிக்கும், மணல் இன்னும் ஆழத்துக்குப் போகும்.

உங்கட கீபோர்டில மூண்டு வகை அழுக்கு இருக்கு. மூண்டுக்கும் மருந்து வேற. மணலுக்குக் காத்தும் கவிழ்க்கிறதும். சீனிக்கும் கடல் உப்புக்கும் தண்ணி. விரல் எண்ணெய்க்கு ஸ்பிரிட். ஸ்பிரிட் எல்லாத்தையும் கரைக்கும் எண்டு நினைச்சுத்தான் கனபேர் பிழை விடுறாங்க. சீனியும் உப்பும் சுத்தமான ஐசோப்ரொபைல் அல்கஹோலில (துப்பரவுக்குப் பாவிக்கிற ஸ்பிரிட் அதுதான்) கரையிறது மிகக் குறைவு. 99% வாங்கித் தேச்சா சீனிப் பிசின் அப்படியே இருக்கும். 70% போத்தலில மிச்ச 30% தண்ணி, அதால உங்கட வேலைக்கு அதுதான் பொருத்தம்.

முதல்ல ஷட் டவுன் பண்ணுங்க. ஸ்லீப் போதாது, அதில உள்ளுக்கிருக்கிற மின்பலகைக்கு மின் ஓடிக்கிட்டேயிருக்கும். சார்ஜர், மவுஸ், பென் டிரைவ் எல்லாம் கழட்டுங்க. உள்பட்டரியை பயோஸிலயே (விண்டோஸ் தொடங்க முதல் வாற அடிப்படை அமைப்புத் திரை) நிறுத்திற வசதி திங்க்பேட் போல சில மொடல்களில இருக்கு, இருந்தா அதையும் செய்யுங்க. மூடியைத் திறந்தபடி லெப்டொப்பைக் கவிழ்த்து, அடியில விரலால மெதுவாத் தட்டுங்க. பிறகு ஏறக்குறைய 75 பாகை சரிச்சுப் பிடிச்சு, ஒரு பக்கத்தில இருந்து மறு பக்கத்துக்கு வரிசை வரிசையா ஊதுங்க. வலப்பக்கம் திருப்பி ஒருக்கா, இடப்பக்கம் திருப்பி ஒருக்கா. அப்பிள் தன்ர மெக்புக்குகளுக்குச் சொல்ற முறையும் இதுதான். கமராவுக்குப் பாவிக்கிற ரப்பர் ஊதி போதும். காத்து டின் கிடைச்சா அதை நிமிர்த்தியே பிடியுங்க. கவிழ்த்தா குளிர்ந்த திரவமா வந்து விழும். வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரம் போகும்.

மணல் போக முதல் துணியால தேய்க்கக்கூடாது. கீ மேல கீறும், இடுக்குக்குள்ள தள்ளியும் விடும்.

அடுத்தது சீனி. காது குடையிற பஞ்சுக்குச்சியைக் காய்ச்சி வடிச்ச தண்ணியில நனைச்சு டிஷூவில ஒத்துங்க. நகத்தில அமத்தினா சொட்டு நிக்கக்கூடாது, அந்த அளவு ஈரம்தான். கிணத்துத் தண்ணி வேண்டாம். கரையோரக் கிணறுகளில உப்பும் சுண்ணாம்பும் இருக்கும், காஞ்ச பிறகு வெள்ளையாப் படியும். வாகனப் பட்டரிக்கு ஊத்துற வடிதண்ணி வாங்கலாம். ஆனா லேபலை ரெண்டு தரம் வாசியுங்க, அதே தட்டில பட்டரி அசிட்டும் இருக்கும்.

ஸ்பேஸ் பாரைச் சுத்தி ஓரத்தில அந்தக் குச்சியை ஓட்டி, கீயை இருபது முப்பது தரம் அமத்தி விட்டு, பிசின் வெளிய வர உலர்ந்த குச்சியால ஒத்தி எடுங்க. ஒரு தடவையில போகாது, நாலைஞ்சு தரம் வேணும். குச்சி மஞ்சளா வாறது நிக்கிற வரைக்கும் செய்யுங்க. கடைசியா 70% ஈரமாக்கின குச்சியால அதே இடத்தை ஓட்டினா மிஞ்சின ஈரமும் சுறுக்காக் காயும். மற்றக் கீகளை மைக்ரோபைபர் துணியால துடையுங்க. ஸ்பிரிட்டைத் துணியிலதான் விடணும், கீபோர்டில இல்ல.

ஐசோப்ரொபைல் ஆவி சாதாரண அறை வெப்பத்திலயே நெருப்புப் பட்டாத் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறங்க, நுளம்புத்திரியை அணைச்சிட்டு வேலையைத் தொடங்குங்க.

காத்தான்குடி_பைட்:
சேர்ஜிகல் ஸ்பிரிட் விசயத்தில கவனம். சில வகையில ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், தோலுக்கு நல்லம், கீபோர்டுக்குப் பசை. உங்கட போத்தலைச் சோதிக்கிறது லேசு: கண்ணாடித் துண்டில ஒரு சொட்டு விட்டுக் காய விடுங்க. எண்ணெய்த் தடம் மிஞ்சினா பாவிக்க வேண்டாம். கை கழுவுற சனிட்டைசர் ஜெல்லும் அப்படித்தான், அதில கிளிசரின் இருக்கு. நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோன் பிளாஸ்டிக்கையே உருக்கும். ஸ்பிரிட் துணி திரையில படவும் கூடாது, மேற்பூச்சு போயிரும்.

வாவிக்கரை:
நன்றி அண்ணன்மார். கண்ணாடியில எண்ணெய் தெரிஞ்சிச்சு, அதை ஒதுக்கிட்டன். 'ஈ' கீ மூடியைக் கழட்டிப் பார்க்கலாமா? ஹெயார் ட்ரையரால காய வைக்கலாமா?

திருப்புளி:
தம்பி, கழட்ட முதல் வெளிக் கீபோர்ட் ஒண்டைச் செருகி அதில 'ஈ' அடிச்சுப் பாருங்க. அதிலயும் ரெண்டு விழுந்தா அழுக்கு இல்ல, விண்டோஸ் அமைப்புத்தான்.

லெப்டொப்பில மட்டும் எண்டா கழட்டலாம், ஆனா கவனம். மூடிக்குக் கீழ கத்தரிக்கோல் மாதிரி ரெண்டு மெல்லிய பிளாஸ்டிக் சட்டம் இருக்கும், அதுக்கு நடுவில ரப்பர் குமிழ். மூடி ஒரு பக்கம் கொக்கியில மாட்டியும் மறு பக்கம் கிளிக்காகியும் நிக்கும், எது எந்தப் பக்கம் எண்டது மொடலுக்கு மொடல் மாறும். உங்கட மொடலுக்குரிய வீடியோவைப் பார்த்திட்டு, முதல்ல போட்டோ எடுத்து வையுங்க. பழைய சிம் அட்டையின் சட்டத்தால மூலையை மெதுவா நெம்புங்க. இளகாட்டி மற்றப் பக்கத்தால பாருங்க. இரும்புத் திருப்புளி போடாதீங்க, அந்தக் கொக்கி ஒடிஞ்சா தனியா வாங்க ஏலாது. ரப்பர் குமிழைச் சுத்தி ஸ்பிரிட் விடாதீங்க, பசை இளகிக் குமிழே கழண்டுரும். ஸ்பேஸ் பார், என்டர், ஷிப்ட் மூண்டையும் கழட்டவே வேண்டாம். அதுக்குள்ள கம்பி இருக்கு, திரும்ப மாட்டுறது பெரிய பாடு.

ஹெயார் ட்ரையர் சூடு கீயை நெளிக்கும். மின்விசிறிக்கு முன்னால கவிழ்த்து வையுங்க. ஓரம் மட்டும் துடைச்சதுக்கு ரெண்டு மூண்டு மணித்தியாலம், தண்ணி உள்ள போயிருக்கும் எண்ட சந்தேகம் இருந்தா 24 மணித்தியாலம். ஈரம் வத்த முதல் மூடியை மூடக்கூடாது, திரையில தடம் விழும்.

மருதமுனை_மின்னல்:
அரிசி வாளிக்குள்ள வைக்கச் சொல்லி யாரும் சொன்னாக் கேக்காதீங்க. அது உள்ளீரத்தை இழுக்காது, மாத்தூள்தான் இடுக்கில போய் ஒட்டும்.

இன்னொண்டு. உங்கட ஊரில உப்புத்தான் பெரிய எதிரி. காத்தில ஈரப்பதன் 75%ஐத் தாண்டினா கறியுப்பு தானாவே ஈரத்தை இழுத்துக் கரையும். அதாலதான் வெயில் காலத்தில ஒழுங்கா வேலை செய்த கீ, மாரியில பிழைக்கும். கீக்குக் கீழ பொலியெஸ்டர் தாளில அச்சடிச்ச வெள்ளி மைக்கோடுதான் மின்பாதை. உப்பு ஈரம் அதைத் தின்னத் தொடங்கினா எந்தத் துப்பரவும் மீட்காது. ஒரே வரிசையில அல்லது ஒரே கூட்டமா நாலைஞ்சு கீ செத்தா அதுதான் அறிகுறி, கீபோர்டையே மாத்தணும். சில மொடல்களில கீபோர்ட் மேல்தட்டோட உருக்கின பிளாஸ்டிக் குமிழ்களால பூட்டியிருக்கும், அதைக் கடையில கொடுக்கிறது நல்லம்.

மாரி தொடங்க முதல் ஒருக்கா, முடிய ஒருக்கா தண்ணி ஒத்தடம் கொடுங்க. சிலிக்கோன் உறை போட்டா மணல் வராது, மூடும்போது மட்டும் எடுத்திரணும். திரைக்கும் கீக்கும் இடையில அதுக்கு இடமில்ல.

வாவிக்கரை:
ஸ்டிக்கர்?

காத்தான்குடி_பைட்:
ஸ்பிரிட் அந்தப் பசையை இளக்கும். ஸ்டிக்கர் உள்ள கீகளை வடிதண்ணி ஒத்தின துணியால மட்டும், நடுவில இருந்து ஓரத்துக்குத் துடையுங்க. ஓரத்தில இருந்து உள்ளுக்குத் தேச்சா மூலை கிளம்பும். ஏற்கனவே கிளம்பியிருந்தா அதைப் பிய்ச்சு, பசையை 70%ஆல துடைச்சு, முழுக்கக் காஞ்ச பிறகு புதுசு ஒட்டுங்க. பழைய பசைக்கு மேல ஒட்டினா நிக்காது.