கண்ணுக்குள் செலுத்தும் ஹைட்ரோஜெல்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

வைகைக்கரையான் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். ஓர் அறிவியல் இதழுக்காகக் கட்டுரை மொழிபெயர்க்கிறேன். விழித்திரை விலகியவர்களுக்கு அறுவை செய்யும்போது கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸை எடுத்துவிடுகிறார்கள். அது மறுபடி ஊறாது. அந்த இடத்தில் இப்போது வாயுவோ சிலிக்கோன் எண்ணெயோ நிரப்புகிறார்கள். வாயு என்றால் நாள்கணக்கில் குப்புறக் கிடக்க வேண்டும், அது கரையும்வரை விமானம் ஏறக் கூடாது. எண்ணெய் என்றால் பெரும்பாலும் இன்னொரு அறுவை செய்து வெளியே எடுக்க வேண்டும். இரண்டும் வேண்டாம் என்றுதான் செயற்கை ஹைட்ரோஜெல், அதாவது நீரைப் பிடித்து வைத்திருக்கும் ஜெல், பற்றிய ஆராய்ச்சி. ஊசி வழியே நீர்மமாகப் போய் உள்ளே ஜெல்லாக இறுகும்.

'விட்ரியஸ்', 'ஹைட்ரோஜெல்', இரண்டுக்கும் சொல் வேண்டும். 'பின்கண் திரவம்' என்று எழுதியிருந்தேன். "திரவத்தை எடுத்துவிட்டு ஜெல் வைப்பானேன்?" என்று இதழாசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார்.

வேதியியல் வாத்தியார்:

அவர் கேட்டது நியாயம். அது திரவமே அல்ல. நூற்றுக்கு 98 பங்குக்குக் குறையாமல் தண்ணீர்தான். ஆனால் கொலாஜன் இழைகளும் ஹயலூரானிக் அமிலமும் சேர்ந்து அந்தத் தண்ணீரை ஓடவிடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. வயது ஏற ஏற அது நெகிழ்ந்து நீராகிறது. கண்முன் பூச்சி பறப்பதுபோல் தெரிவது அதனால்தான். ஆகவே 'விழிக்களி', 'நீர்க்களி'. 'நீர்க்கூழ்மம்' மட்டும் வேண்டாம். கூழ்மத்தை எப்போதோ கொலாய்டுக்குக் கொடுத்துவிட்டோம். பாலும் கூழ்மம்தான்.

வல்லையூரான்:

நாங்கள் இலங்கையில் 'கண்ணாடியுடனீர்' என்று படித்தோம். விட்ரியஸ் என்ற லத்தீன் சொல்லுக்குள் இருப்பதும் கண்ணாடிதான். 1934இல் மேயர், பால்மர் என்ற ஆய்வாளர்கள் மாட்டுக்கண்ணின் விட்ரியஸிலிருந்து அந்த அமிலத்தைப் பிரித்தபோது, கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்தே ஹயலூரானிக் என்று பெயரிட்டார்கள். இருக்கிற சொல்லை விட்டுவிட்டுக் களிக்குப் போவானேன்? எங்கட பக்கம் களி எண்டால் உழுத்தங்களி.

வைகைக்கரையான்:

ஐயா, "கண்ணாடியுடனீரை மாற்ற வேண்டும்" என்றால் எங்கள் ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய்விடுவார்கள். அதோடு 'நீர்' மறுபடி உள்ளே வந்துவிட்டதே!

புலவர்:

கண்ணாடி வேண்டாமென்றால் பளிங்கு இருக்கிறது. "அடுத்தது காட்டும் பளிங்குபோல்" என்று வள்ளுவர் தந்த சொல். ஜெல்லுக்கு 'இழுது'. புறநானூறு 150இல் "இழுதின் அன்ன" என்று வருகிறது. விட்ரியஸ் 'பளிங்கிழுது', ஹைட்ரோஜெல் 'நீரிழுது'. ஜெல்லி மீனை 'இழுதுமீன்' என்று ஏற்கெனவே எழுதுகிறார்களே.

வேதியியல் வாத்தியார்:

புலவர் அந்த வரியை முழுதாகச் சொல்லட்டும். "இழுதின் அன்ன வால்நிணக் கொழுங்குறை". வால் என்றால் வெண்மை. வெண்ணெய் போன்ற வெள்ளைக் கொழுப்பு! கண்ணுக்குள் வெள்ளை சேர்ந்தால் அதற்குப் பெயர் புரை. ஒளிவிலகல் எண் 1.336ஐ ஒட்டி வர வேண்டும், துளி மங்கலும் கூடாது என்று அங்கே பாடுபடுகிறார்கள், நாம் வெண்ணெய் வைக்கிறோம். அப்புறம், இழுதுமீன் எழுத்தில்தான் நீந்துகிறது. கடற்கரையில் அது சொறி.

புலவர்:

சொறியை வைத்துக் கலைச்சொல் ஆக்குங்கள், பார்க்கலாம்.

தேரிக்காட்டான்:

சண்டை எதற்கு? நுங்கு இருக்கிறதே! தெளிவு, குளிர்ச்சி, தண்ணீரைத் தாங்கி நிற்கும் சதை. இன்னொன்றும் கவனியுங்கள். 'நுங்குதல்' என்றால் விழுங்குதல், அகராதியில் இருக்கிறது. ஹைட்ரோஜெல்லின் தொழிலே நீரை நுங்குவது. அதன் வம்பும் அதுதான். நுங்கி வீங்கினால் கண்ணில் அழுத்தம் ஏறும். 2017இல் வெளியான ஜப்பானிய ஆய்வில் முயலின் கண்ணில் ஓர் ஆண்டுக்கு மேல் தாங்கிய ஜெல்லில், பாலிமரின் அளவை மிகமிகக் குறைத்தது அந்த வீக்கத்தை அடக்கத்தான். பொருளும் உவமையும் ஒரே சொல்லில். 'நீர்நுங்கு'.

வல்லையூரான்:

இரண்டு நுங்கும் ஒரே வேரா?

தேரிக்காட்டான்:

பனையடியில் உட்கார்ந்து ஒரு தடவை உறிஞ்சிப் பாருங்கள், வேர் தெரியும்.

வேதியியல் வாத்தியார்:

அது வேர்ச்சொல் ஆய்வு அல்ல. தவிர, "நுங்கு தோண்டுற மாதிரி கண்ணைத் தோண்டிருவேன்" என்று சண்டை போட்டு வளர்ந்த பிள்ளைகள் நாம். அறுவைக்குப் போகிறவரிடம் நுங்கு என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

சென்னைச் செவிலி:

வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நோயாளிகள் 'ஜெல்' என்றே சொல்கிறார்கள். வலி ஜெல், ஸ்கேன் ஜெல் எல்லாம் வீட்டுச் சொற்கள். விக்டர்லே, லிம் என்ற செக் வேதியியலாளர்கள் 1960இல் அறிவித்த ஹைட்ரோஜெல்லிலிருந்துதான் மென் காண்டாக்ட் லென்ஸ் வந்தது. அதைப் போடுகிறவர்கள் எந்தப் பெயரும் தெரியாமல் தினமும் போடுகிறார்கள். 'ஹைட்ரோ'வைப் பார்த்து ஹைட்ரஜன் வாயு என்று நினைக்காமல் இருந்தால் போதும். 'நீர் ஜெல்' என்று விட்டால் என்ன?

புலவர்:

அரைத் தமிழ்.

வைகைக்கரையான்:

வெள்ளி மதியம் ஆகிவிட்டது. விட்ரியஸுக்கு 'விழிக்களி', மூன்று பேர் ஆதரவு, இருவர் மௌனம். ஹைட்ரோஜெல்லுக்கு முதல் இடத்தில் மட்டும் 'நீர்க்களி' என்று போட்டு, அடைப்பில் ஹைட்ரோஜெல். பிறகு வெறும் ஜெல். செயற்கை ஜெல் 'விழிக்களிப் பதிலி'. அனுப்பிவிட்டேன்.

வேதியியல் வாத்தியார்:

சரி. ஆனால் வாயுவையும் எண்ணெயையும் 'பதிலி' என்று எழுதிவிடவில்லையே? அவை விழித்திரையை அழுத்திப் பிடிக்கும் முட்டு, அவ்வளவுதான். 'முட்டுநிரப்பி' என்று...

தேரிக்காட்டான்:

நீர்நுங்குக்கு என் ஒரு வாக்கைப் பதிவு செய்யவும். முட்டுக்குத் தனி இழை தொடங்குங்கள்.