மறு: இன்டர்ப்ரெடிவ் லேபிளுக்குத் தமிழ் – 'காண்குறிப்பு' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

அருங்காட்சியகத்தில் பொருளின் பெயருக்குக் கீழே அதைப் பற்றி எழுதி வைக்கும் சில வரிகளை ஆங்கிலத்தில் 'இன்டர்ப்ரெடிவ் லேபிள்' என்பார்கள், அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதுதான் இந்தக் குழுவில் பேச்சு. ஐயா சொன்ன 'விளக்கச் சீட்டு', அக்கா சொன்ன 'பொருள்கோள் அட்டை' இரண்டையும் புழங்கிப் பார்த்தோம். புதுச்சேரியில் ஒரு பள்ளிக்காக, பக்கத்திலிருக்கும் பழைய துறைமுக ஊரான அரிக்கமேடு பற்றிய கண்காட்சிக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம், அதனால் சொல் உடனடியாக வேலைக்கு வேண்டும்.

'விளக்கச் சீட்டு எழுதுங்கள்' என்றால் எல்லாரும் விளக்கவே உட்கார்ந்துவிடுகிறார்கள். ரோமானியரோடு நடந்த வணிகம், 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தது, பிறகு கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்று ஒரு பக்கம் ஓடும், எதிரே இருக்கிற சாடியைப் பற்றி ஒரு வரி இருக்காது. படிப்பவர் நின்றுகொண்டு படிக்கிறார், இடுப்பில் பிள்ளை வேறு. 'பொருள்கோள்' என்றதும் எனக்குச் செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறை சொல்லித்தந்த நன்னூல் இலக்கண வகுப்புதான் ஞாபகம் வருகிறது, அதோடு காட்சியில் இருக்கும் பொருளா, அர்த்தமா என்ற குழப்பமும்.

'ஆம்போரா, சுடுமண், அரிக்கமேடு' என்பது பெயர்ச்சீட்டு (ஆம்போரா என்பது இரண்டு கைப்பிடி வைத்த ரோமானியச் சாடி). அது இருக்கட்டும், அதற்கு வேறு சொல் வேண்டாம். நமக்குப் பெயர் வேண்டியது அதன் கீழே வருகிற இந்த மாதிரி எழுத்துக்கு:

"சாடியின் அடியைப் பாருங்கள். கூராக இருக்கிறது, தானாக நிற்காது. கப்பலில் நெருக்கி அடுக்க இந்த வடிவம் வசதி. சாய்த்து ஊற்றும்போது அந்த முனையே இன்னொரு கைப்பிடி."

இதைப் படித்தவர் கண்டிப்பாகக் குனிந்து அடியைப் பார்ப்பார். 'ரூலெட்டட்' என்ற வகை மண்தட்டும் அப்படித்தான்: உள்பக்க அடியில் வட்டமாக ஓடும் பொடிக்குழி வரிசையை ஒருவர் கண்ணால் பிடித்துவிட்டாரென்றால், அதை வீலர் மத்தியதரைக் கடல் பக்கத்துச் சரக்கு என்று நினைத்ததையும், அப்புறம் அது இந்தியாவில் செய்ததுதான் என்று தெரியவந்ததையும் ஆர்வமாகக் கேட்பார். முதலில் கண், பிறகுதான் செய்தி. இந்த வரிசை சொல்லிலேயே இருக்க வேண்டும் என்பதால்தான் 'காண்குறிப்பு' என்கிறேன்.

வினைத்தொகை. கண்ட, காண்கிற, காணும் மூன்றுக்கும் பொருந்தும். சந்தியில் 'ண்' 'ட்' ஆகி 'காட்குறிப்பு' என்று திரிய வேண்டாமா என ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். 'உண்கலம்' திரியாமல்தானே நிற்கிறது, இதுவும் நிற்கும். 'குறிப்பு' என்பதால் நீளமாக எழுதவும் கை வராது.

நீளம் பற்றி ஒன்று. ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஐம்பது சொல்லுக்குள் முடி என்பார்கள். அந்தக் கணக்கை அப்படியே எடுத்தால் தமிழில் பலகை நிரம்பி வழியும், 'அடுக்கப்பட்டிருந்தவற்றிலிருந்து' என்பது நமக்கு ஒரே சொல். புதுச்சேரியில் பக்கத்திலேயே ஆங்கிலமும் பிரெஞ்சும் வைக்கக் கேட்பார்கள், எழுத்தைச் சிறிதாக்கினால் பெரியவர்களால் படிக்க முடியாது. முப்பது சொல் என்று வைத்துக்கொள்ளலாம், அதிலும் சின்னச் சொற்களாக.

கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரிப் பொருள்களுக்குத் 'தொடுபொருள்' போதும் என்றே நினைக்கிறேன், அதில் யாருக்கும் சண்டை இருக்காது. காண்குறிப்புக்கு மறுப்பு இருந்தால் பலகை அச்சுக்குப் போவதற்குள் எழுதுங்கள், கூடவே உங்கள் சொல்லை வைத்து அந்தச் சாடிக்கு நாலு வரி எழுதியும் அனுப்புங்கள்.